வெங்காயத்தை மட்டும் பார்த்தவள்

அவளிடம் மணி கேட்கக்கூடாது. கேட்டால், "என் வாட்சிலே பத்தரை" என்பாள். மற்றவர்களுடைய வாட்சில் என்ன மணி என்று அவளுக்குத் தெரியாதாம். பஸ் போய்விட்டதா என்றால், "நான் வந்த பொறவு போகல்லே" என்பாள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிகிற காரியம் எதுவும் அவளிடம் ஒரு வார்த்தையில் முடியாது. தான் கண்ணால் பார்த்தது எதுவரை, பார்க்காதது எங்கிருந்து என்று எல்லைக்கல் நாட்டிவிட்டுத்தான் வாயை மூடுவாள்.

எங்கள் கடைக்கு எதிர்வீட்டு மாடியில் ஒரு வருஷம்போலக் குடியிருந்தாள். சொந்த ஊர் இரணியல் பக்கம். பேச்சில் மேற்கத்தி இழுப்பு இருக்கும். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. ஒல்லியான உடம்பு, தோளில் எந்நேரமும் ஒரு துணிப்பை, காற்றுக்கு அடங்காத தலைமயிர். எங்கள் ஊரில் யார் தலைமயிரும் அடங்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேராக வந்து எங்கள் தெருவில்தான் இறங்கும்.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு, இவள் கல்லூரியில் வேலை பார்க்கிற பையனைப் பேசினார்கள். பெண்ணின் அப்பா இவளிடம் விசாரிக்க வந்தார். "பையன் எப்படி மக்களே?"

"பஸ்ஸிலே ஒரு தடவை பாத்தேன். டிக்கெட் எடுத்தாரு."

"அது செரி. குணம் எப்படி?"

"கண்டக்டர் சில்லறை இல்லேண்ணு சொன்னாரு. இவரு வழக்குக்குப் போகல்லே. அவ்வளவுதான் பாத்தேன்."

அவர் எவ்வளவோ குடைந்து பார்த்தார். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. கடைசியில், இவ்வளவு கஞ்சத்தனமாகப் பேசுகிறவள் சொன்னால் அது சத்தியமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து கல்யாணத்தை நடத்திவிட்டார். மாப்பிள்ளை இன்றைக்கும் டிக்கெட் எடுத்துத்தான் பஸ்ஸில் போகிறார். மற்றதைப் பற்றி எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோவாளைப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. பெயர்தான் உரக்கடை, ஓட்டமெல்லாம் மருந்தில். நெல்லுக்குக் குலைநோய், வாழைக்கு இலைப்புள்ளி, பிச்சிப்பூச் செடிக்கு வேரழுகல் என்று பூசணம் செய்கிற அட்டகாசம் கொஞ்சமல்ல. அதற்கு எங்களிடம் ஒரு வெள்ளைப் பொடி உண்டு. பெயரை எழுதினால் கம்பெனிக்காரன் காரில் வருவான், ஆகவே வெள்ளைப் பொடி என்றே இருக்கட்டும். கம்பெனிக் கட்டைப் பிரித்துச் சில்லறையாக விற்கக்கூடாது என்று சட்டம். நாலு மூடு வாழை வைத்திருக்கிறவன் முழுக் கட்டு வாங்கி என்ன செய்வான்? அதனால் பிரிப்போம். பொட்டலம் கட்டுகிறது என் பெண்டாட்டி, எங்கள் பேச்சில் கெட்டியவள். அவள் கரண்டியால் அள்ளிப் போட்டால் தராசு முள் நடுவில் வந்து நிற்கும். அள்ளுகிற பொடியில் கொஞ்சத்தைக் காற்று எடுத்து அவள் சேலையிலும் புருவத்திலும் பூசிவிட்டுப் போகும். அதை நாங்கள் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை.

அந்த வருஷம் கெட்டியவள் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, டாக்டர்களையும் கோயில்களையும் சுற்றிச் சலித்து, இனிமேல் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு உண்டான கர்ப்பம். எனக்கு அப்போது உலகத்தில் முக்கியமாக இருந்தது அந்த வயிறு ஒன்றுதான்.

எதிர்வீட்டு மாடிக்காரி முதன்முதலாகக் கடைக்கு வந்தது ஒரு மத்தியானம். மாடிக்குக் குடிவந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். முகம் பழகவில்லை. கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன.

"பூசண மருந்து வேணும்."

"எவ்வளவு?"

"அஞ்சு கிராம்."

அஞ்சு கிராம் மருந்து கேட்டு எங்கள் கடைக்கு அதுவரை யாரும் வந்ததில்லை. "எந்தப் பயிருக்கு?" என்றேன்.

"பயிருக்கு இல்லே."

"பின்னே?"

"எனக்குத்தான்."

சாக மருந்து தேடுகிறவர்களும் உரக்கடைக்குத்தான் வருவார்கள். எங்கள் தொழிலில் இதற்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. புது ஆளாக இருந்து, கண்ணும் சிவந்திருந்தால் மருந்து கொடுப்பதில்லை. வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிவரச் சொல்வோம். இவளிடமும் சொன்னேன்.

"வீட்டிலே வேற யாரும் இல்லே" என்றாள்.

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். "ஏலே, நீ போயி ஒரு சாயா குடிச்சிட்டு வா. நான் பாத்துக்கிடுகேன்" என்றார். நான் திரும்பி வந்தபோது அவள் பொட்டலத்தோடு போய்விட்டிருந்தாள். பதறிப்போய்க் கேட்டேன். "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுலே. சோலியப் பாரு" என்றார் அப்பா. அவருக்கு ஆளை எடைபோடத் தெரியும் என்று நம்பினேன். ஆனாலும் மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக எதிர்வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் கண்ணாடித் தம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தம்ளர் வாயிலும் ஒரு பல்லாரி வெங்காயம், அடிப்பாகம் தண்ணீரில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருந்தது. இவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியில் வெங்காயம் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

ஊருக்குத் தோன்றிற்று. செய்வினை என்றார்கள் சிலர். இவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், அதனால் அது என்ன மாதிரிச் செய்வினை என்று ஊருக்குக் குழப்பம். சர்ச்சிலும் இவள் சும்மா இருக்கவில்லை. சாட்சி சொல்லும் நேரத்தில், "ஜெபத்தினாலே உன் அம்மைக்கு சொகம் கெடைச்சதைச் சபைக்குச் சொல்லு மக்களே" என்று கேட்டிருக்கிறார்கள். எழுந்து நின்று, "ஜெபமும் பண்ணினோம், மாத்திரையும் குடுத்தோம். ரெண்டும் ஒரே வாரத்திலே. எதிலே சொகம் ஆச்சுண்ணு நான் பாக்கல்லே. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். எதிர்வீட்டு அம்மாள் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அந்த அம்மாளுக்கு வேறொரு குறையும் இருந்தது. சோதனை முடிந்த வெங்காயத்தைச் சாம்பாருக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "வெறும் தண்ணியிலே வச்சதை எடுங்க. மத்ததைப் பத்தி ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று பதில் வந்ததாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வெங்காயச் சாம்பாரைத் தொடவில்லை.

என் கெட்டியவளுக்கு மட்டும் அவளை முதலிலிருந்தே பிடித்துப்போயிற்று. முறுக்கு எடுத்துக்கொண்டு மாடி ஏறுவாள், மணிக்கணக்காகப் பேசிவிட்டு இறங்குவாள். கண் சிவப்பின் ரகசியம் அப்படித்தான் தெரிந்தது. காலையெல்லாம் வெங்காயம் நறுக்குவதும் சாயங்காலம்வரை மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டிவைத்திருப்பதும்தான் காரணம். தம்ளர்களின் விஷயமும் தெரிந்தது. பாதித் தம்ளர்களில் வெறும் தண்ணீர். மீதியில் வயலுக்குக் கலக்கிற அளவிலும், அதற்குக் குறைவாகவும் எங்கள் மருந்து.

"வெங்காய வேரோட நுனி இருக்குல்லா அக்கா, அங்கேதான் செல்லு ஒண்ணு ரெண்டாப் பிரியும். அண்ணன் தம்பி சொத்தைப் பாகம் வைக்கது மாதிரி. உள்ளே நூல்நூலா ஒரு சாதனம் உண்டு. அப்பன் அம்மைகிட்டே இருந்து பிள்ளைக்கு வாறது எல்லாம் அந்த நூலிலேதான் இருக்கு. அது சரிபாதியாப் பிரியணும். மருந்து பட்டா அது பிரியுதா, அத்துப்போகுதாண்ணு பாக்கேன்."

"வெங்காயத்துக்கும் மனுசருக்கும் ஒண்ணா?"

"பாகம் வைக்க மொறை ஒண்ணுதான்."

என் கெட்டியவள் வயிற்றில் கை வைத்தாளாம். "அப்போ நான் அந்தப் பொடியை அள்ளுகேனே பிள்ளே?"

"அதை நான் பாக்கல்லே அக்கா. வெங்காயத்தைத்தான் பாக்கேன்."

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்குத் தலைவலி. கெட்டியவள் கரண்டியைக் கையில் எடுப்பாள், பொடியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், கீழே வைத்துவிடுவாள். "இது பிள்ளைக்கு ஆகுமா?" என்று காலையில் ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை. "ஆகாதுண்ணா கவர்மெண்டு விக்க விடுமா?" என்றேன். "கவர்மெண்டு சாராயமும் விக்கே" என்றாள். எங்கள் குடும்பத்துக்கு நீதிபதி என்று ஒரு வெங்காயம் வந்து உட்கார்ந்த கதை இதுதான்.

தீர்ப்பு அந்த வாரமே வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது, பிடுங்கினோம். மாடிக்காரி காலேஜிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு பேரும் வழிமறித்துக் கேட்டோம்.

"தண்ணியிலே வளந்த வேரும் மருந்திலே வளந்த வேரும் ஒண்ணுபோல இருக்கு. மருந்திலே வளந்தது ஒரு நூல் நீளம் கூடுதலாட்டும் இருக்கு. உள்ளேயும் கேடு ஒண்ணும் காணல்லே. ஆனா இது முதல் தடவை அண்ணாச்சி. எனக்கே ஒரு மாதிரி இருக்கு. இன்னும் செஞ்சு பாக்கணும்."

'ஆனா' என்பதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை. கெட்டியவள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். மறுநாள் காலை பழையபடி நாற்காலியில் உட்கார்ந்து கரண்டியைப் பிடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவனிடமெல்லாம், நம் மருந்தைக் காலேஜில் சோதித்துப் பார்த்தார்கள், வெங்காயம் செழித்து வளருகிறது என்று அளந்துவிட்டேன். வியாபாரமும் கூடிற்று.

ஒரு வாரம் கூட அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஒரு காலையில் கடையில் நல்ல கூட்டம். எங்கள் பழைய வாடிக்கையான வாழைக்காரரும் இருந்தார். மருந்தை வாளியில் போட்டு முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்குகிறவர் அவர். கம்பால் கலக்கக் கூடாதா என்றால், "கை இருக்கம்போ கம்பு எதுக்கு வே" என்பார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இவள் வந்தாள். கையில் ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே கலங்கல் தண்ணீர், மேலே பஞ்சுமாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ ஆடை கட்டியிருந்தது.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க."

"என்னது பிள்ளே இது?"

"பூசணம்."

"எதிலே?"

"உங்க பூசண மருந்திலே. மிச்சம் வந்த கரைசலை மூடி வச்சிருந்தேன். இன்னைக்குப் பாத்தா பூத்திருக்கு."

வாழைக்காரர் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். "அப்போ இத்தனை வருசமா என் வாழைக்கு நான் என்னத்தைவே அடிச்சேன்?" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் தங்கள் தங்கள் நெல்லையும் பிச்சியையும் நினைக்கத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது. நான் கம்பெனிக் கட்டை எடுத்துக் காட்டினேன், பில்லைக் காட்டினேன், சத்தியம் செய்தேன். இவள் எனக்குத் துணைக்கு வருவதாக நினைத்து, "நான் சொல்லுகது இந்தக் குப்பியை மட்டும்தான். கடையிலே உள்ளது அசலா போலியாண்ணு நான் பாக்கல்லே" என்றாள். இதைவிட ஒரேயடியாகக் கடையைக் கொளுத்தியிருக்கலாம்.

"சத்தம் போடாதிங்க" என்று அப்பாவின் குரல் மூலையிலிருந்து வந்தது. "அது மருந்தில்லே. மரச்சீனி மாவு."

எல்லோரும் திரும்பினோம். அப்பா மருந்து அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பழைய தகர டின்னை எடுத்து வைத்தார். உள்ளே மரவள்ளிக்கிழங்கு மாவு, நிறமும் நைசும் அச்சு அசல் எங்கள் வெள்ளைப் பொடி. இத்தனை காலம் மருந்தோடு கிடந்ததில் வாசனையும் ஏறியிருந்தது.

"சாவணும்ணு வாறவகிட்டே குடுக்கமாட்டேண்ணு சொன்னா அடுத்த கடைக்குப் போவாவ. அதனாலே இதிலே கொஞ்சம் பொதிஞ்சு குடுக்கது. கொண்டுபோயிக் கலக்கிக் குடிச்சாலும் வயித்தைப் பொரட்டும், அவ்வளவுதான். அதுக்குள்ளே வீட்டிலே ஆளு வந்திரும், அழுகை ஓஞ்சிரும், புத்தி தெளிஞ்சிரும்."

"பாட்டா, நான் ஆராய்ச்சிக்குண்ணு சொன்னேனே" என்றாள் இவள்.

"சொன்னே மக்களே. வாறவ எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லத்தானே செய்வாவ."

வாழைக்காரர் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பாட்டா, அந்தப் பெருங்காத்திலே என் வாழை ஒக்கச் சாஞ்ச வருசம் நான் வந்தேனே. அன்னைக்கு எனக்குத் தந்தது?"

"உனக்கு வயித்தைப் பொரட்டிச்சா இல்லியா?"

"பொரட்டிச்சு."

"அப்போ மாவுதான்."

வாழைக்காரர் அப்பாவின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் ஒரே கடையில் இருந்தும் அப்பா இப்படி ஒரு கைங்கரியம் செய்துவந்தது எனக்குத் தெரியாது. இவள் மட்டும்தான் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மரச்சீனி மாவு வெங்காயத்தைக் கெடுக்கல்லே. அதை நான் நல்லாப் பாத்தாச்சு" என்றாள். கடையே சிரித்தது.

சிரிக்காத ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தேங்காய் உடைத்து நன்றி சொன்னது மரச்சீனி மாவுக்கு என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, அசல் கட்டைப் பிரித்து, அஞ்சு கிராம் எடுத்து, பொட்டலம் கட்டி மாடிக்காரி கையில் கொடுத்தாள். "இதைப் பாத்துச் சொல்லு" என்றாள்.

இந்தத் தடவை காலேஜுக்குப் போகாமலே ஏதோ தெரிந்தது. எங்கள் கடையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் போதும். தண்ணீரில் இருந்த வெங்காயங்களுக்கு வேர் வெள்ளைத் தாடியாகத் தொங்கிற்று. மருந்துத் தம்ளர்களில் இருந்தவற்றுக்குக் குச்சிகுச்சியாக முளைத்து, நுனி வீங்கி, அங்கேயே நின்றுவிட்டது. "மேல பாக்காதே" என்று கெட்டியவளிடம் சொல்லிவிட்டு நான் பார்த்தேன். அவள் நான் பார்க்காத நேரத்தில் பார்த்தாள். அந்த வாரம் அவள் கரண்டியைத் தொடவில்லை, ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. கடைதான் அவளுக்கு எல்லாம். வீட்டில் தனியாக இருந்தால் நினைப்பு தின்றுவிடும் என்றாள். மாடிக்காரி வாயே திறக்கவில்லை. மறுபடியும் புது வெங்காயம், மறுபடியும் காலேஜ். கடைசியில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"மூணு தடவை செஞ்சேன். மூணிலேயும் கேடு இருக்கு. பாகம் சரியாப் பிரியல்லே. சில நூலு நடுவிலே மாட்டிக்கிட்டு நிக்கு. சிலது அத்துக் கெடக்கு. தண்ணியிலே வச்சதிலே அப்படிக் காணல்லே."

கெட்டியவள் கேட்டாள். "என் பிள்ளைக்கு ஆகுமா, ஆகாதா?"

"தெரியாது அக்கா."

"நீ படிச்சவதானே?"

"வெங்காயம் தண்ணியிலே நேரே நின்னு குடிச்சது. நீங்க குடிக்கல்லே, பொடி மேலே பட்டிருக்கு. எவ்வளவு உள்ளே போச்சுண்ணு நான் பாக்கல்லே. போனது என்ன செய்யும்ணும் நான் பாக்கல்லே. நான் வெங்காயத்தை மட்டும்தான் பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லு பிள்ளே. பொய்யாட்டும் சொல்லு. ஒண்ணும் ஆகாதுண்ணு சொல்லு."

அவள் துணிப்பையின் வாரை விரலில் சுற்றினாள். ஆனால் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன், அதற்குள் கெட்டியவள் கதவைக் காட்டிவிட்டாள். பொய் சொல்லத் தெரியாத ஆள்களோடு பழகுவதைப்போலப் பெரிய கஷ்டம் வேறில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பில் பெரிய மாற்றமில்லை.

மறுநாள் காலை நான் கடை திறந்து, கெட்டியவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுப் படியில் இவள் இறங்கினாள். காலேஜ் பஸ் வந்து நின்றது, ஏறவில்லை. நேரே கடைக்குள் வந்து, "அக்கா, எழுந்திருங்க" என்றாள். கெட்டியவள் எழுந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வாசலில், காற்று அடிக்கிற திசைக்கு மறுபக்கமாகக் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

"தெரியாதுண்ணு சொன்னியே" என்றாள் கெட்டியவள்.

"தெரியாதுண்ணுதான் சொல்லுகேன். தெரியிறது வரைக்கும் நீங்க இங்கே இருங்க. கடையை நான் பாக்கேன்."

சொன்னபடியே செய்தாள். காலேஜ் இல்லாத நாளெல்லாம் கையில் உறை, மூக்கில் துணி, தலையில் துண்டு என்று எங்கள் கடையில் நின்றாள். அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறும். ஒருத்தன் வந்து, "இது அடிச்சா குலைநோய் நிக்குமா?" என்று கேட்பான். "நிக்கலாம். உங்க வயலை நான் பாக்கல்லே" என்பாள். "இந்தக் கம்பெனி மருந்து நல்லதா, அந்தக் கம்பெனியா?" என்று இன்னொருத்தன். "ரெண்டையும் சேத்து வச்சு நான் பாக்கல்லே. நீங்க பாதி வயலிலே இதை அடிங்க, பாதியிலே அதை அடிங்க, கொஞ்சத்துக்கு ஒண்ணும் அடிக்காதிங்க. அறுப்புக்குப் பொறவு வந்து எனக்கும் சொல்லுங்க." வந்தவன் பயந்து ஒன்றும் வாங்காமல் போய்விடுவான். வாழைக்காரருக்கு ஒரு கம்பையும் கையுறையையும் கொடுத்தாள். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார், கையுறையை வாழைத்தோட்டத்தில் அணில் விரட்டக் கட்டித் தொங்கவிட்டார். "ஏலே, இந்தப் பிள்ளை இன்னும் ஆறு மாசம் நின்னா கடையிலே மரச்சீனி மாவுதான் மிஞ்சும்" என்றார் அப்பா. ஆனால் அவளைப் போகச் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. எதிர்வீட்டு வாசலிலிருந்து கெட்டியவள் விலையைக் கத்திச் சொல்வாள், இவள் இங்கே அளப்பாள். காற்றில் பாதி விலை பறந்துபோகும்.

கெட்டியவளுக்கு வலி எடுத்துப் பெரியாஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனபோது நான் வெளி வராந்தாவில் நின்றேன். எல்லாத் தகப்பனுக்கும் அந்த நேரத்தில் பயம் இருக்கும். என் பயத்துக்கு வேர் முளைத்து, நுனி வீங்கி, பாதியில் நின்றிருந்தது. கண்ணை மூடினால் அந்தத் தம்ளர்கள்தான் தெரிந்தன. பெண் பிள்ளை என்று நர்ஸம்மா சொன்னபோது, "விரல் எல்லாம் இருக்கா?" என்றுதான் கேட்டேன். "எல்லாம் இருக்கு. ஏன், எண்ணிப் பாக்கியளா?" என்றாள். எண்ணினேன்.

மறுநாள் இவள் வந்தாள். துணிப்பையை இறக்கி வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கினாள். நெற்றி, காது, உள்ளங்கால் என்று வெகுநேரம் பார்த்தாள். கெட்டியவள் படுத்தபடியே கேட்டாள். "எப்படி இருக்கா பிள்ளே?"

"நல்லா இருக்கா" என்றாள்.

நானும் கெட்டியவளும் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தோம். நான் பார்த்த அளவிலே என்றோ, இப்போதைக்கு என்றோ ஒரு வால் வரும் என்று நினைத்தோம். வரவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு பிள்ளையின் துணியில் விழுந்தது. வெங்காயம் பக்கத்தில் எதுவும் இல்லை.

அந்த ஆனந்தத்தில் எனக்கு நாக்கு நீண்டுவிட்டது. "பாத்தியா பிள்ளே! எத்தனை மாசம் எங்களைப் போட்டு வாட்டினே. பொடியை அள்ளினா, மூச்சிலே இழுத்தா, என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல்லே. நம்ம மருந்து ஒண்ணும் செய்யாது" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளையை அதன் அம்மையிடம் கொடுத்தாள். "அண்ணாச்சி, நீங்க ஒரு பிள்ளையத்தானே பாத்திருக்கிய" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் சொல்கிற அதே குரல்தான்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது வார்டு வாசலில் ஒரு குரல் கேட்டது. வாழைக்காரர். அவர் பெண்டாட்டிக்கும் முந்தினநாள்தான் பிரசவமாம், வார்டின் கடைசிக் கட்டில் என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நகக்கண்ணில் எங்கள் வெள்ளைப் பொடி. "அண்ணாச்சி, உமக்குப் பெண்ணு, எனக்கு ஆணு! இருக்கட்டும், கடை எப்போ திறப்பீரு? இலையிலே மறுபடியும் புள்ளி கண்டிருக்கு. மருந்து வேணும்."

"மருந்து இருக்கட்டும் வே" என்றேன். "முதல்லே உம்ம பிள்ளையைக் காட்டும்." செருப்பைக்கூட மாட்டாமல் அந்தக் கடைசிக் கட்டிலைப் பார்த்து நடந்தேன்.